ஒரு லயத்துக்கு ஒரே நம்பர்

ரகசியம் காப்பது எப்படி என்ற பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு. இணையத்தில் தனியுரிமை என்றால் என்ன, ஒரு செயலி யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நாலு பக்கம் எழுதச் சொன்னால் ஆறு பக்கம் எழுதுவேன். பக்கத்து வீட்டு அக்கா இந்த மலையை விட்டு இறங்கிப் போகக் கிடைத்த ஒரே வழியை அடைத்ததும் நான்தான். இரண்டையும் ஒரே பருவத்தில் செய்தேன்.

நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். அதை லயம் என்போம். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமானோடு அந்தச் சொல்லையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே புகை, தாளிக்கிற வாசம், சண்டை, சமாதானம் எல்லாம் பொது. இதில் குடித்தனம் செய்ய எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சுவருக்கு மேலாக வந்த பேச்சு காதில் விழாது. விழும், ஆனால் விழாது. அடுத்த நாள் குழாயடியில், “நேத்து என்ன சத்தம்?” என்று ஒருத்தி கேட்டால் அவள் கல்யாணமாகிப் புதிதாக வந்தவள் என்று அர்த்தம். மாமியார் ஒரு பார்வை பார்ப்பாள். அதன் பிறகு அவளும் கேட்க மாட்டாள்.

இது தெரியாதவர்கள்தான் இணையத்தில் படிவங்கள் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரு கோபம் உண்டு. படிவத்தில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாமல் நகர முடியாது. கைபேசி எண்ணுக்குக் கட்டாயம் நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தை வைத்த புண்ணியவான் வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்திருக்கும். போனை வைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆளுக்கொரு அறையும் இருந்திருக்கும்.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது, ஏதோ ஒரு அட்டைக்குப் பதிய வேண்டுமென்று இரண்டு பேர் லேப்டாப்போடு தோட்டத்துக்கு வந்தார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் களத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற அக்காவிடம் போன் நம்பர் கேட்டார்கள். இல்லை என்றாள். வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்கள் என்றார்கள்.

“அவரு நம்பரு வேணாந் தம்பி. எனக்கு வர்றத அவரு படிச்சிட்டு ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. இந்தா நிக்கிறாளே, நம்ம பாப்பா, அவ நம்பரப் போடு.”

களமே சிரித்தது. சிரித்துவிட்டு, அடுத்தவளும் என் நம்பரைச் சொன்னாள். அதற்கடுத்தவளும். சொந்தப் புருசனை நம்பாமல் என்னை நம்புகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானத்துக்குள் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே நம்பர். கீழ் லயத்திலிருந்தும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு ரேஷன், சிலிண்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தகவல் எல்லாம் எனக்குத்தான் வந்தது. கூடலூரில் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். யாருடைய போனிலிருந்தோ ஒரு அழைப்பு வரும். “பாப்பா, ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு, வெரசாச் சொல்லு, ரேசன் கடக்காரரு பொட்டிய மூடப் போறாராம்.” நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எண்களைக் கிசுகிசுப்பேன். கூட்டாளிகள் எனக்கு ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்தார்கள். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, யார் எந்த டாக்டரைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆனால் மூச்சு முட்டியது. நம்பரை மாற்றிவிடலாம் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஓர் எண் வரும், புதிய நம்பருக்கு ஓர் எண் வரும், இரண்டையும் போட வேண்டும். புதிய நம்பர் எவளிடம் இருக்கிறது? நான் இந்த சிம்மைத் தூக்கிப் போட்டால் ஒரு லயமே இல்லாமல் போய்விடும். கோயமுத்தூரில் வேலை கிடைத்தாலும் இந்த நம்பரைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும் என்று நினைத்தபோது, பத்தொன்பது வயதில் எனக்குப் பன்னிரண்டு மாமியார் வாய்த்ததைப் போல இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அப்படிப்பட்டவள் அல்ல. அதிகம் தொந்தரவு செய்ய மாட்டாள். மசினகுடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பன்னிரண்டாவது பாஸ். மாமியார் ஓய்வு பெற்றபோது அந்த இடத்தில் கொழுந்து பறிக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால் தோட்டத்தில் அவள்தான் நிரந்தரத் தொழிலாளி. அவள் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் தற்காலிகம். வீடு நிரந்தரத் தொழிலாளி பேரில்தான் இருக்கும். அவள் வேலையை விட்டால் அந்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுடைய முதுகில் கொழுந்துப் பை மட்டும் இல்லை, புருசன், மாமியார், மகள், கூரை எல்லாம் இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கோயமுத்தூரில் நர்சுக்கு உதவியாளர் வேலைக்கு ஒரு வருடம் பயிற்சி தருகிறார்கள், தங்கும் இடமும் உண்டு, பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை, மனுப் போட்டுத் தா என்றாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்தான் சிக்னல் கிடைக்கும். அதை மடுவம் என்போம். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் இருக்காது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீ மனிதன்தானா என்று நிரூபிக்க, டிராஃபிக் சிக்னல் இருக்கும் படங்களையெல்லாம் தொடு என்றது அந்த இணையப் பக்கம்.

“இது என்ன வெளக்கு பாப்பா?”

“ரோட்டுல வண்டிய நிறுத்தறதுக்குக்கா.”

“நம்ம ரோட்டுல ஆனைதான நிறுத்தும்.”

அவளே சிரித்து, அவளே படங்களைத் தொட்டாள். இரண்டு தடவை தப்பு என்றது, மூன்றாவது தடவை விட்டது. நம்பர் கட்டத்தில் வழக்கம்போல என் நம்பர்.

“ஒரு வருசந்தான். அப்புறம் வேல கெடச்சதும் எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போயிருவேன்,” என்றாள். “ஆனா மொதல்ல எடங் கெடச்சதுன்னு வரட்டும். அதுக்கப்புறம் அவர்கிட்டப் பேசி, ஒரு வருசத்துக்கு அவரு அண்ணன் ஊட்ல எடம் பாத்து, எல்லாம் செஞ்சுக்கறேன். இப்பவே சொன்னா, இல்லாத எடத்துக்காக இருக்கற வீட்ட விடச் சொல்றியான்னு கேப்பாங்க. அதுவரைக்கும் காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது, சரியா?”

சரி என்றேன். இன்றுவரை அந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. பதில் இல்லை. அந்த மனுவை நானே மறந்துபோனேன். எனக்குக் கடைசி வருடப் ப்ராஜெக்ட் வந்தது. பயன்படுத்துகிறவரைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள், உங்களுக்கு வசதியானதைச் செய்யாதீர்கள் என்று எங்கள் பேராசிரியை சொல்லிக்கொண்டே இருப்பார். என்னைவிடப் பயன்படுத்துகிறவர்களைத் தெரிந்தவள் யார்? தினமும் சாயங்காலம் வாசலில் வந்து, “எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்கும் பெண்கள். பாதிப் பேருக்குப் படிக்க வராது. படிக்க வந்தாலும் அந்தச் சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு செயலி எழுதினேன். என் நம்பருக்கு வரும் செய்தியை அது தமிழில் சத்தமாகப் படிக்கும். சிம்மைப் பழைய போனில் போட்டு, மடுவத்துத் தூணில் மாட்டி, ஒரு ஸ்பீக்கரையும் சேர்த்துவிட்டேன். எனக்கு ஒரு புதிய நம்பர், ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் போன். முதல் முறையாக என் கை காலியாக இருந்தது.

ரகசியத்தையும் யோசித்துத்தான் செய்தேன். ஆறு இலக்க எண் வரும் செய்திகளைப் படிக்காது, எனக்கு மட்டும் அனுப்பிவிடும். பேங்குச் செய்திகளையும் படிக்காது. பாடத்தில் அதையெல்லாம்தான் ரகசியம் என்று சொல்லியிருந்தது. மற்றபடி யாருக்கு வந்த செய்தி என்று தெரிய வேண்டுமே என்று பெயரை முதலில் படிக்கவைத்தேன். காது மந்தமானவர்களும் இருக்கிறார்களே என்று ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை படிக்கவைத்தேன். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று, நிறுவையைக் கவனிக்கும் தோட்டத்து ஃபீல்டு ஆபீசர் ஒரு கம்பிவலைப் பெட்டி கொடுத்தார். அதற்குப் பூட்டு. சாவி அவரிடம். எல்லாவற்றையும் யோசித்த மகாராணி, பாதியில் நிறுத்துவதற்கு வெளியே ஒரு பொத்தான் வைக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை.

முதல் வாரம் மடுவமே திருவிழாவாக இருந்தது. சிலிண்டர் வருகிறது என்று சொன்னால் கைதட்டினார்கள். அந்தக் குரல் பெயர்களை டவுன்காரி மாதிரி அழுத்திப் படிப்பதைக் கேட்டுக் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம், கல்லூரியில் காட்டுவதற்காக வீடியோ எடுக்கலாம் என்று மத்தியான நிறுவைக்குப் போனேன். அக்கா வரிசையில் ஐந்தாவதாக நின்றாள். தலையில் பாதி நனைந்த பிளாஸ்டிக் தாள், முதுகில் பை. ஃபீல்டு ஆபீசர் தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு இருந்தார்.

யாருக்கோ ரேஷன் செய்தி முடிந்தது. அடுத்து அக்காவின் முழுப் பெயர், அப்பா பெயரோடு. அப்புறம், “செவிலியர் உதவியாளர் பயிற்சிக்குத் தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். ஓராண்டு விடுதியில் தங்கிப் பயில வேண்டும். வரும் மாதம் முதல் தேதி கோயம்புத்தூர் மையத்தில் சேரவும்.”

நான் வீடியோ எடுப்பதை விட்டுவிட்டுத் தூணுக்கு ஓடினேன். பெட்டிக்குப் பூட்டு. கம்பிவலைக்குள் விரலை விட்டேன், எட்டவில்லை. ஸ்பீக்கர் வயரைத் தேடினேன், அதையும் குரங்குக்குப் பயந்து நானே பெட்டிக்குள் சுற்றிவைத்திருந்தேன். குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அக்காவின் பெயர். அப்பா பெயர். தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

மடுவத்தில் ஒருத்தி பையை இறக்கினாள். ஒருத்தி முற்றல் இலையைப் பொறுக்கிப் போட்டாள். ஒருத்தி மழை விடுமா என்று வானத்தைப் பார்த்தாள். எல்லாருக்கும் கேட்டது, யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எங்கள் பெண்கள்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்போம். ஆனால் ஃபீல்டு ஆபீசர் லயத்துக்காரர் அல்ல. அன்னூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட மனுசரும் இல்லை.

“ஏம்மா, கோயமுத்தூருக்கா போற? நல்ல சங்கதிதானே, சொல்லவே இல்ல?” என்று சிரித்தார். “அப்பப் பேர எடுத்துறட்டுங்களா? உன்ற எடத்துக்கு ஆளு காத்துட்டு இருக்குது. ஊட்டையும் காலி பண்ணிக் குடுக்கோணும், தெரியுமில்ல?”

“இல்லீங்கய்யா,” என்றாள் அக்கா.

“இல்லைன்னா? மெசேஜ் வந்துருச்சே.”

அவள் பையைத் தராசில் வைத்தாள். அவர் எடையைப் பார்த்து எழுதிக்கொண்டார். கொழுந்து ஏற்ற வந்த லாரி டிரைவர் நெல்லியாளத்திலிருந்து வருகிறவர், அவருக்கும் லயத்து வழக்கம் தெரியாது. லாரி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்காரருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. என் அம்மா எழுந்து டிவி சத்தத்தைக் கூட்டினாள். அதுவும் வழக்கம்தான். ஆனாலும் எனக்குக் கேட்டது. அக்கா வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“ஃபேக்டரில அத்தன பேரு முன்னாடி டிரைவர் சொல்றான். எம் பொண்டாட்டி போறான்னு அவன் சொல்லி நான் கேக்கறேன்.”

பிறகு மாமியாரின் குரல். “நீ போ தாயி. போறதுக்கு முன்னாடி, நாங்க எங்க போறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அண்ணன் வீடு, ஒரு வருடம், அப்புறம் எல்லாரும். மாதக்கணக்காக மனதுக்குள் அடுக்கிவைத்திருந்த பதில். அதை அவள் சொல்லவே இல்லை. அவள் முதலில் பேசியிருந்தால் அது ஒரு யோசனை. இப்போது பேசினால் அது மாட்டிக்கொண்டவள் சொல்லும் சாக்கு. இது எனக்கு அப்போதே புரிந்தது. நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

மறுநாள் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்து ஸ்பீக்கரை நிறுத்தினேன். அந்த வாரம் முழுக்க ஃபீல்டு ஆபீசர் தினமும் அவளிடம், “முடிவு பண்ணிட்டியாம்மா? ஆபீஸ்ல கேக்கறாங்க,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்க்காமல் குழாயடிக்கு வந்து போனாள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை போனேன். ஆனால் என்ன விஷயத்துக்கு மன்னிப்பு? கேட்டால் அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லயத்தில் யாரும் இன்னும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வழக்கமே என் வாயைக் கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். “லேப்டாப்ப எடுத்துட்டு வா.”

மடுவத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தோம். மூடுபனி கொட்டகைக்குள் வரைக்கும் வந்திருந்தது. இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றாள்.

“அக்கா, அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லி…”

“அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும். எழுது.”

“நான் வேணும்னா உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்.”

“தப்பு ஒன்னோடதுன்னா ஊடு வந்துருமா?”

அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் விடையைச் சரிபார்ப்பது போலக் கேட்டாள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். விலகுவதற்கு என்ன காரணம் என்று கேட்டது. நட்சத்திரம் போட்டிருந்தது. வேறு படிப்பு, உடல்நலம், தூரம், இதர. நாலையும் தமிழில் படித்துக் காட்டினேன். 

“எதுன்னாலும் போடு,” என்றாள்.

தூரம் என்று போட்டேன். நிச்சயமாக விலகுகிறீர்களா என்று கேட்டு, ஆம் என்பதைப் பெரிதாக நீலத்திலும், இல்லை என்பதைச் சின்னதாகச் சாம்பல் நிறத்திலும் காட்டியது. என் விரல் இல்லை என்பதை நோக்கிப் போனது. அதை அழுத்திவிட்டு, முடிந்தது அக்கா என்று சொன்னால் அவளுக்குத் தெரியாது. இடம் இருக்கும். ஒரு மாதத்தில் எல்லாரும் மனம் மாறலாம். அவள் நல்லதுக்குத்தானே? அப்போது எனக்கு என்மேலேயே பயம் வந்தது. அவள் வாழ்க்கை என் விரலுக்கடியில் இருந்தது. இரண்டு நிறத்தையும் காட்டி, எது எதற்கு என்று சொன்னேன். அவள் தன் விரலால் நீலத்தை அழுத்தினாள். கொழுந்துக் கறை படிந்த விரல், திரை முதலில் உணரவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

“நாளைக்கு இதுக்கும் மெசேஜ் வருமா?”

“வரும்க்கா. சத்தம் வராது. நிறுத்திட்டேன்.”

“போட்டு விடு.”

“சத்தத்தையாக்கா?” என்றேன்.

“போறேங்கறது எல்லாருக்கும் கேட்டுச்சுல்ல? போகலங்கறதும் கேக்கட்டும். ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி நான் சொல்லிட்டு இருக்க முடியாது. அந்த ஆபீசர்கிட்ட வாயத் தெறந்து சொல்லவும் என்னால ஆகாது. அதுவே சொல்லட்டும்.”

அன்று சாயங்காலமே சாவி வாங்கி ஸ்பீக்கரை மறுபடி போட்டுவிட்டேன். வேறு என்ன செய்து தர முடியும் அவளுக்கு?

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு மத்தியானம் மடுவத்துக்குப் போய் நின்றேன். அக்கா வரிசையில் நின்றாள். செய்தி வந்தது. அவள் பெயர், அவள் அப்பா பெயர். “தங்கள் வேண்டுகோளின்படி தங்கள் சேர்க்கை ரத்து செய்யப்பட்டது.” ஃபீல்டு ஆபீசர் தலையை நிமிர்த்தி இரண்டாவது முறையும் முழுதாகக் கேட்டார். “அப்பச் சரி,” என்று நோட்டில் ஏதோ அடித்தார். அக்கா பையை நிறுத்தாள், வெறும் பையை உதறித் தோளில் போட்டாள், மேல் தேயிலைக் காட்டுக்குத் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றாள்.

“நல்லாக் கேட்டுச்சு பாப்பா,” என்றாள்.